யோபுவின் கதையைக் கேட்ட மனிதர்



நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றையும் இறையியல் புண்ணியங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். நம்பிக்கையைப் பற்றியும் அன்பைப் பற்றியும் பேசுவது நமக்கு எளிதாகவே இருக்கிறது. எதிர்நோக்கைப் பற்றிப் பேசும்போதுதான் தடுமாறுகிறோம். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வருகிறோம். சில வீடுகளில் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. அதே வீட்டுக்கு அடக்கச் சடங்குக்காக மீண்டும் செல்லும்போது, முன்பு நாம் சொன்ன வார்த்தை நமக்கே உறுத்துகிறது. அப்படியானால் கிறிஸ்தவர் எதிர்நோக்கு என்று சொல்வது எதை? இழந்தது திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தையா, அல்லது வேறொன்றையா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வால் பதில் தந்த ஒருவர் நம் மண்ணிலேயே வாழ்ந்தார். அவர்தான் மறைசாட்சியான புனித தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று வளர்ந்தார். திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலம் அது. பத்மநாபபுரத்தில் இருந்த நீலகண்ட சுவாமி கோவிலில் பொறுப்பான பணி அவருக்குக் கிடைத்தது. அரண்மனை அலுவலராகவும் உயர்ந்தார். பார்கவி என்ற பெண்ணை மணந்தார். உலகத்தின் பார்வையில் அவருக்குக் குறை எதுவும் இருக்கவில்லை.

பின்னர் இழப்புகள் தொடங்கின. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன, சொத்து கரைந்தது என்று அவர் வரலாறு சொல்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த துன்பங்கள் அவரை மனச்சோர்வில் ஆழ்த்தின. தாம் செய்த தவறு என்ன, தெய்வம் ஏன் தம்மைத் தண்டிக்கிறது என்ற கேள்வி அவரை வாட்டியது. இந்தக் கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம். நம் பங்கு மக்கள் பலர் கேட்கக் கேட்டுமிருக்கிறோம்.

அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக வந்தவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று நடந்த குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் தளபதி டிலனாய். அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அரசுப் பணியின் வழியாக நீலகண்டனும் டிலனாயும் நண்பர்களாயினர். ஒருவர் வென்ற நாட்டின் அலுவலர். மற்றவர் தோற்று, பிடிபட்டு, சொந்த ஊரைப் பிரிந்து வாழ்பவர். ஆறுதல் சொல்லும் தகுதி வென்றவருக்கே உண்டு என்று நாம் நினைப்போம். இங்கோ தோற்றவரே ஆறுதல் சொன்னார்.

டிலனாய் தம் நண்பருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றைச் சொன்னார். நேர்மையாளரான யோபு தம் மந்தைகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்ததையும், நண்பர்கள் அவர்மேல் பழி சுமத்தியதையும், அத்தனைக்கும் நடுவில் அவர் கடவுளை விட்டு விலகாமல் நின்றதையும் எடுத்துரைத்தார். துன்பம் வந்தால் அது பாவத்துக்கான தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நீலகண்டனை விட்டு அகலத் தொடங்கியது. துன்பப்படுகிறவனோடு இருக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்பது அவருக்குப் புதிய செய்தி. அந்தக் கடவுளைப் பற்றி மேலும் அறிய விரும்பினார்.

டிலனாய் அவரை வடக்கன்குளத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அனுப்பினார். மறைக்கல்வி பெற்ற நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14 அன்று அங்கே திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளே உதவி என்பது அதன் பொருள். அவருடைய மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று, தெரேசா என்ற பெயரின் தமிழ் வடிவமாக ஞானப்பூ ஆனார்.

திருமுழுக்குக்குப் பின் அவர் வாழ்வில் நடந்த மாற்றம் எல்லார் கண்ணிலும் பட்டது. தம் நம்பிக்கையை அவர் மறைத்து வைக்கவில்லை. பிறப்பின் அடிப்படையில் மனிதரைத் தள்ளி வைக்கும் வழக்கம் இறுகியிருந்த அந்நாளில், தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். கடவுளுக்கு முன் எல்லாரும் ஒன்றே என்று எடுத்துச் சொன்னார். இது பலருடைய சினத்தைத் தூண்டியது. அரச துரோகம், உளவு ஆகிய பொய்க் குற்றச்சாட்டுகள் அவர்மேல் சுமத்தப்பட்டன. பதவி பறிக்கப்பட்டது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று கைது செய்யப்பட்டார்.

அடுத்து வந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும்தான். எருமையின்மேல் பின்புறம் பார்த்தபடி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப் பொடியைத் தடவினார்கள். விலங்கிட்டு மரத்தடியில் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் பாறையை இடிக்க, அங்கே தண்ணீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பாறையை இன்றும் திருப்பயணிகள் சென்று காண்கிறார்கள். அவரை அவமானப்படுத்த நினைத்தவர்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. விலங்கோடு இருந்த அவரைப் பார்க்க மக்கள் வந்தார்கள், தங்கள் துன்பங்களை அவரிடம் சொன்னார்கள், செபிக்கக் கேட்டார்கள். டிலனாய் அவருக்குச் செய்ததை, அவர் அந்த மக்களுக்குச் செய்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யோபுவின் நூல் 42 அதிகாரங்கள் கொண்டது. கடைசி அதிகாரத்தில் இழந்தவை யோபுவுக்கு இருமடங்காகத் திரும்பக் கிடைக்கின்றன. புதிய பிள்ளைகளும் பிறக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு மனம் மாறிய தேவசகாயத்துக்கு அப்படி எதுவும் திரும்ப வரவில்லை. இருந்ததும் போயிற்று. இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான் எதிர்நோக்கு என்றால், அவர் ஏமாந்தவர். சொல்லப்போனால், பதவியையும் பாதுகாப்பையும் திரும்பப் பெற அவருக்குத் திறந்திருந்த வழி ஒன்றுதான். அது தம் நம்பிக்கையைக் கைவிடுவது. யோபுவுக்குக் கடவுள் தந்த மறுவாழ்வை, கடவுளை மறுத்தால் உனக்கும் தருகிறோம் என்று உலகம் அவரிடம் பேரம் பேசியது.

அவர் அதற்கு இணங்கவில்லை. ஏனென்றால் அவர் யோபுவின் கதையைச் சரியாகக் கேட்டிருந்தார். தம்மை மீட்பவர் உயிரோடு இருக்கிறார், அவரைத் தம் கண்களால் காண்போம் என்று யோபு அறிக்கையிடுவது 19ஆம் அதிகாரத்தில். அப்போது அவர் கையில் எதுவும் இல்லை. உடலில் புண், சுற்றிலும் பழிச்சொல். திரும்பக் கிடைப்பதற்கான அறிகுறி ஒன்றுகூடத் தெரியாத நேரத்தில்தான் அந்த அறிக்கை வருகிறது. 19ஆம் அதிகாரத்துக்கும் 42ஆம் அதிகாரத்துக்கும் இடையில் நீண்ட காத்திருப்பு இருக்கிறது. தேவசகாயம் அந்த இடைவெளியிலேயே வாழ்ந்து, அந்த இடைவெளியிலேயே இறந்தார். அவர் பற்றிக்கொண்டது கடவுள் தரும் பொருளை அன்று, கடவுளையே.

1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி அருகே உள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு மணி போல ஒலித்தது என்பது மக்களின் மரபு. மணியடிச்சான் பாறை என்றே அதற்குப் பெயர். கிறிஸ்தவ மக்கள் அவருடைய எஞ்சிய உடலைச் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்தருகே அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின் இருந்தவர்களையும் நாம் மறந்துவிடக்கூடாது. ஞானப்பூ தம் ஊரைவிட்டு, கணவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்துக்குச் சென்றார். 14 ஆண்டுகள் கைம்பெண்ணாக அங்கே வாழ்ந்து 1766இல் இறந்தார். சுட்டுக் கொல்லப்படுவது ஒரு நாளின் துன்பம். அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் எழுந்து, விளக்கேற்றி, செபித்து, தனியாக உண்டு வாழ்வது 14 ஆண்டுகளின் சாட்சியம். டிலனாயும் தாயகம் திரும்பவில்லை. 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். மூவரில் எவருக்கும் இழந்தது திரும்பவில்லை. மூவரும் கடவுளை விடவில்லை.

260 ஆண்டுகளுக்குப் பின், 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானின் புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். சாதிப் பெயர் ஏதுமின்றி, லாசர் என்றும் தேவசகாயம் என்றும் திருமுழுக்கில் பெற்ற பெயரோடு மட்டுமே அன்று அவர் அழைக்கப்பட்டார். அவர் எதற்காகத் துன்புற்றாரோ, அதற்கு அது பொருத்தமாக அமைந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் பங்குகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதி பார்ப்போமானால் அந்தப் பெருமை நமக்கு உரியதாகாது.

சரி, அடுத்த முறை ஒரு நோயாளியின் படுக்கையருகே உட்காரும்போது நாம் என்ன சொல்வது? எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மால் வாக்குக் கொடுக்க முடியாது. குணம் வேண்டி மன்றாடலாம், மன்றாடவும் வேண்டும். ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: நீங்கள் குணமடைந்தாலும் குணமடையாவிட்டாலும் கடவுள் உங்களை விட்டுப் போகமாட்டார், சிலுவையில் இறந்த தம் மகனை உயிர்த்தெழச் செய்தவர் உங்களையும் கைவிடமாட்டார். அதைச் சொல்ல நாம் வெற்றி பெற்றவர்களாக இருக்க வேண்டியதில்லை. கடனிலும் கவலையிலும் இருக்கிற நீங்களே, அடுத்த வீட்டில் அழுகிற ஒருவருக்கு டிலனாயாக இருக்கலாம். அருகில் அமர்ந்து, கேட்டு, ஒரு விவிலியப் பகுதியைச் சொன்னால் போதும். அதன் பலனைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டி, சனவரி 14 அன்று இப்புனிதரின் திருநாள் வருகிறது. காற்றாடிமலைக்கோ கோட்டாற்றுக்கோ செல்ல வாய்ப்புள்ளவர்கள் செல்லுங்கள். இயலாதவர்கள் அன்று வீட்டிலேயே குடும்பமாக அமர்ந்து யோபு நூலின் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இழப்பின் நடுவிலும் இறைவனைப் பற்றி நிற்கும் அருளை நமக்கும், நம் பிள்ளைகளுக்கும் பெற்றுத் தருமாறு புனித தேவசகாயம் வழியாக மன்றாடுவோம். இறையாசீர் நம் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.