சோஃபி ஷோல்: சீருடைக்குள் கழிந்த பள்ளிப்பருவம்

சோஃபி ஷோலின் வாழ்வை எழுதுவோர் பலரும் 1943 பிப்ரவரியின் ஐந்து நாள்களிலிருந்தே பின்னோக்கிச் செல்கின்றனர். கொலைக்களத்தில் அவர் காட்டிய துணிவு முன்னைய ஆண்டுகளையும் மறைத்துவிடுகிறது. நாட்சி இளைஞர் அமைப்பில் அவர் விரும்பி ஈடுபட்டிருந்த காலமே இங்கு ஆராயப்படுகிறது.

1921 மே 9 அன்று ஃபோர்க்டன்பெர்க்கில் பிறந்தார். தந்தை ராபர்ட் அவ்வூர் மேயர், தாராளக் கொள்கையர், இட்லரைத் தொடக்கம் முதலே வெறுத்தவர். 1932இல் குடும்பம் உல்ம் நகரில் குடியேறியது. மறு ஆண்டே அண்ணன் ஹான்ஸ் தந்தையின் சொல்லை மீறி இட்லர் இளைஞர் அணியில் சேர, 1934இல் சோஃபியும் சிறுமியர் பிரிவில் சேர்ந்தார். இளைஞர் அணிச் சட்டம் வந்தது 1936 டிசம்பரில்தான். உறுப்பினராதல் முழுமையாகக் கட்டாயமானது 1939இல். ஆகவே சட்டமோ வீடோ அவரைத் தள்ளவில்லை. நெடுநடை, தீமூட்டிப் பாடுதல், கொடி, தோழமை ஆகியவையே ஈர்த்தன. இளைஞரை இளைஞரே வழிநடத்துவர் என்னும் விதி இவற்றினும் வலியது. பதின்பருவத்திலேயே சோஃபி இளைய சிறுமியர் குழுவொன்றின் தலைவியானார். கருத்தேற்றம் பெற்றவரே கருத்தேற்றுபவரும் ஆனார். இக்கல்விமுறையின் நுட்பம் இதுவே எனலாம்.

யூதத் தோழி அணியில் சேர இயலாமை அவரை உறுத்தியதாகத் தமக்கை இங்கே நினைவுகூர்ந்துள்ளார். 1937 இறுதியில், தடைசெய்யப்பட்ட தன்னாட்சி இளைஞர் குழுத் தொடர்புக்காக ஷோல் பிள்ளைகள் கைதாயினர். சோஃபி விரைவில் விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவர் உடனே அமைப்பை விட்டு விலகவில்லை. மனமாற்றத்துக்கு ஒரே நாளைக் குறிக்க முயல்வது பொருந்தாது.

1940இல் பள்ளியிறுதி, பின் மழலையர் ஆசிரியப் பயிற்சி. கட்டாய உழைப்புப் பணியைத் தவிர்க்கலாம் என்னும் எண்ணம் பலிக்கவில்லை. 1942 மே மாதம் மியூனிக் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் மெய்யியலும் பயிலத் தொடங்கினார்; ஹான்ஸ் முதலியோரின் வெள்ளை ரோசா குழுவில் இணைந்தார்.

குழுவின் ஆறாம் துண்டறிக்கையைப் பேராசிரியர் குர்ட் ஹூபர் எழுதினார். வளர்பருவத்தை நாட்சி அமைப்புகள் சீருடைக்குள் அடைத்து மயக்கின என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. எழுதியவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டைக் கண்டிருந்த ஆசிரியர்; பிப்ரவரி 18 அன்று அதைப் பல்கலைக்கழகத்தில் பரப்பிய சோஃபியோ அச்சீருடையை அணிந்து வளர்ந்தவர். ஆகவே அவர் கையில் அக்குற்றச்சாட்டு தன்வரலாறாகவும் அமைந்தது.

பிப்ரவரி 22 அன்று ஹான்ஸ், கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் ஆகியோருடன் சோஃபிக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அன்றே நிறைவேற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21. ஜூலையில் ஹூபரும் கொல்லப்பட்டார். நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்ட அத்துண்டறிக்கையைப் பிரித்தானிய வானூர்திகள் அவ்வாண்டே செருமானிய நகரங்களின்மீது தூவின.