ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்: எலிசா அக்னியூ அம்மையார்

நியூயோர்க் நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஒரு நாள் பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் முன்னே பெரிய உலகப்படம். கிறிஸ்துவின் நாமம் அறியப்பட்ட நாடுகளையும் அறியப்படாத நாடுகளையும் ஆசிரியர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இந்து சமுத்திரத்தில் மொரிசியஸ் என்று இன்று நாம் அழைக்கும் சிறு தீவையும் காட்டினார். அங்கே ஹரியற் நியூவெல் என்ற இளம் மிஷனரிப் பெண்ணின் கல்லறை தனியே கிடக்கிறது என்று சொன்னார். ஊழியத்துக்கென்று கணவரோடு கப்பலேறி, ஊழியம் தொடங்கும் முன்பே 1812 இல், தமது 19ஆவது வயதில் இறந்துபோனவர் அவர்.

அந்தக் கதையைக் கேட்டு வேறு பிள்ளைகள் பயந்திருக்கக்கூடும். வகுப்பிலிருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கர்த்தருக்குச் சித்தமானால் தானும் ஒரு நாள் அப்படிப் போவதென்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். அவளே 1807 இல் பிறந்த எலிசா அக்னியூ. பின்னாளில் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தி, யாழ்ப்பாணத்தில் ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று பெயர்பெற்றவர்.

பழைய மாணவியராகிய நாம் ஒரு நூற்றாண்டைத் திரும்பிப் பார்க்கும் இவ்வேளையில், இந்த மண்ணில் பெண்பிள்ளைகளின் கையில் முதன்முதலாகப் புத்தகத்தைக் கொடுத்தவர்களுள் ஒருவரை நினைவுகூருவது பொருத்தமானது. அவர் எவற்றைச் செய்து முடித்தார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எதை நம்பி அவர் அவ்வளவு காலம் மனநிறைவோடு இருந்தார் என்பதையே இங்கு சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

எட்டு வயதில் தீர்மானித்தவர் உடனே புறப்பட்டுவிடவில்லை. வளர்ந்து வயது வந்தபின்னும் போக முடியவில்லை. வீட்டிலிருந்த நெருங்கிய உறவினருக்கு அவரது பராமரிப்புத் தேவைப்பட்டது. மற்றவர்கள் கப்பலேறிப் போனார்கள். 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் முயற்சியால் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. எலிசா நியூயோர்க்கிலேயே இருந்தார். இருபது வயது போயிற்று, முப்பதும் கடந்தது.

காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம். தேவனே அழைத்திருந்தால் வழியை ஏன் அடைத்து வைக்கிறார் என்ற கேள்வி விசுவாசமுள்ள மனதிலும் எழத்தான் செய்யும். சிலர் அந்த இடத்தில் கசந்துபோவார்கள். சிலர் கையிலிருக்கும் கடமையை உதறிவிட்டு ஓடுவார்கள். எலிசா இரண்டையும் செய்யவில்லை. பெற்றோரைப் பார்ப்பதும் தேவன் தந்த வேலையே என்று அதைச் செய்தார்; சிறுவயதுத் தீர்மானத்தையும் கைவிடவில்லை. பெற்றோர் இருவரும் காலமாகி, வீட்டுக் கட்டுகள் அவிழ்ந்தபின்னரே, 1839 இல், தமது 32ஆவது வயதில் அவர் பயணப்பட்டார். தீர்மானத்துக்கும் புறப்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டுகள்.

சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இல். ஆகவே அவர் ஏறிய பாய்க்கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பல மாதங்கள் கடலில் கிடந்தே வரவேண்டியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாத ஒரு பெண், அந்நிய நாட்டில், அறியாத பாஷைக்கு நடுவில் வந்து நின்றார். நம் ஊர்ப் பெண்களுக்கு அவர் ஒரு புதிராகவே தோன்றியிருப்பார். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்தார் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தியைப் பாக்கியவதி என்று அக்காலத்தில் இங்கே யார் சொல்லியிருப்பார்கள்?

உடுவில் பாடசாலையின் நிலையும் எளிதானதல்ல. பெண்பிள்ளை எழுத்தறிவது குடும்பத்துக்கு அவமானம் என்று பலர் எண்ணிய காலம் அது. தொடக்க நாட்களில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு உணவும் உடையும் கொடுத்தார்கள். படிப்பை முடித்துப் போகிறவர்களுக்குச் சீதனமாகச் சிறு தொகையும் கொடுத்தார்கள். நிறுவியவரான வின்ஸ்லோ அம்மையார் 1833 இல் மறைந்துவிட்டார். அவருக்குப்பின் ஸ்போல்டிங் ஐயரும் அவருடைய மனைவியாரும் பாடசாலையைத் தாங்கி வந்தார்கள். அவர்களோடு அக்னியூ அம்மையார் இணைந்தார். தமிழைக் கற்றுக்கொண்டார். வேதபாடம், வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், தையல் என்று பிள்ளைகளின் நாள் நகர்ந்தது. சிறு வயதில் பெற்றோரைப் பிரிந்து விடுதிக்கு வரும் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிறவர் மட்டும் போதாது. இரவில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். விடுதியில் வளர்ந்த நமக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அடிக்கடி வாட்டிய நூற்றாண்டு அது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் வைத்தியப்பணியைத் தொடங்கியது 1847 இற்குப் பின்னரே. 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேலிடத்துப் பிரதிநிதிகளின் ஆலோசனைப்படி வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஆண்பிள்ளைகளின் புகழ்பெற்ற கலாபீடமே மூடப்பட்டபோது, பெண்பிள்ளைகளின் பாடசாலைக்கு என்ன நேருமோ என்ற கவலை உடுவிலில் இருந்தவர்களுக்கு இல்லாமல் இருந்திராது. ஆயினும் உடுவில் நிலைத்தது. அம்மையாரும் தம் இடத்தில் நிலைத்தார்.

நீண்ட விடுமுறைக்காகத் தாய்நாடு போய் வருவது மிஷனரிமாரின் வழக்கம். அவர் ஒருமுறையேனும் போகவில்லை. நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் இல்லை. ஓய்வுக்காக அமெரிக்கா போகலாமே என்று கேட்டவர்களுக்கு, தமக்கு வேலை அதிகம், போக நேரமில்லை என்றே மறுமொழி சொல்லுவார். பாடசாலை விடுமுறை வந்தால், படித்து முடித்து வாழ்க்கைப்பட்டுப் போன தம் பழைய மாணவிகளைத் தேடிக் கிராமங்களுக்குச் செல்வார். இந்தச் செய்தி பழைய மாணவியராகிய நம்மைத் தொடவேண்டும். சங்கமும் கூட்டமும் மலரும் இல்லாத காலத்தில், ஆசிரியையே வீடு வீடாகச் சென்று அந்த உறவைக் காத்தார்.

ஆண்டுகள் சென்றன. முதலில் படித்தவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். பின்னர் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள் என்றும், அவர்களுள் 600 இற்கும் மேற்பட்டோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு வெளியேறினார்கள் என்றும் அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆசிரியைகளாகவும், ஊழியர்களின் மனைவியராகவும், கிராமத்து வீடுகளில் வேதம் வாசித்துக் காட்டும் பெண்களாகவும் அவர்கள் பரவினார்கள். ஒரு காலத்தில் உணவு கொடுத்து அழைத்த பாடசாலைக்கு, பின்னொரு காலத்தில் பெற்றோர் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும். மதம் மாறிய பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே கண்ணீர் இருந்தது. மிஷனரிமார் நம் முன்னோரின் சமயத்தைப் பார்த்த பார்வை முழுவதையும் இன்று நாம் ஏற்கமாட்டோம். அவர்களின் பணிக்கு எதிராகச் சைவத்தைக் காக்க எழுந்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், உடுவிலுக்கு அருகே மருதனார்மடத்தில், சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி நிறுவினார். பெண்பிள்ளை படிக்கவேண்டுமா என்ற கேள்வி போய், எங்கே படிக்கவேண்டும் என்ற கேள்வி வந்தது. அந்த மாற்றத்தில் அக்னியூ அம்மையாரின் நாற்பது ஆண்டுக்கும் பங்குண்டு என்பதை எச்சமயத்தவரும் ஒப்புக்கொள்வர்.

1879 இல், 72 வயதில், அவர் பாடசாலைப் பொறுப்பை விட்டு விலகினார். அப்போதும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. கடைசிக் காலத்தை மானிப்பாயில், லீச் சகோதரிகள் என்ற இரு இளம் மிஷனரிமாரோடு கழித்தார். 1883 ஜூன் மாதம் அவர் மரணப்படுக்கையில் இருந்தார். அருகிலிருந்த மிஷனரி ஒருவர், ஜெபிக்கலாமா, விசேஷமாக எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி அம்மையார் கேட்டுக்கொண்டார். தம் வேதனைக்காகவோ தம் சுகத்துக்காகவோ எதுவும் கேட்கவில்லை. அதே வேளையில் உடுவிலில், தங்கள் தாய் சாகிறார் என்று கேள்விப்பட்ட மாணவிகள் ஜெப அறையில் கூடி அவருக்காக அழுது மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்காகக் கேட்டார். அவர்கள் அவருக்காகக் கேட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அடக்க ஆராதனைக்கு ஆலயம் நிறைந்தது. வந்திருந்தவர்களுள் பலர் அவருடைய மாணவிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அக்னியூ அம்மையார் மகிழ்ச்சியைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். தேடியிருந்தால், மொரிசியஸ் தீவுக் கல்லறையின் கதை அவரை வீட்டிலேயே நிறுத்தியிருக்கும். தமது காலத்தைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டு, அன்றன்றைக்கு முன்னால் வைக்கப்பட்ட வேலையைச் செய்தார். நியூயோர்க்கில் அது வயோதிபரான பெற்றோர். உடுவிலில் அது பிறர் பெற்ற பிள்ளைகள். இரண்டு இடத்திலும் அவர் ஒரே எஜமானுக்கே வேலை செய்தார். ஆகையால் காத்திருந்த 24 ஆண்டுகளும் வீணாகவில்லை. விடுதியில் நோயுற்ற பிள்ளையின் அருகே இருக்கத் தேவைப்படும் பொறுமையை, தாய் தகப்பனின் படுக்கையருகே அவர் கற்றிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

நம்முள் எத்தனையோ பேர் காத்திருந்தவர்கள், இன்னும் காத்திருப்பவர்கள். போரிலே வீட்டை விட்டவர்கள், கடல்கடந்து போனவர்கள், திருமணம் கைகூடாதவர்கள், நோயாளியான தாயைப் பார்ப்பதற்காகப் படிப்பையும் பதவியையும் விட்டவர்கள் நமது சங்கத்திலேயே இருக்கிறார்கள். நாம் நினைத்த வாழ்க்கை கிடைத்தபின்னரே மகிழ்ச்சி தொடங்கும் என்று எண்ணினால், நம்மில் பலருக்கு அது தொடங்காமலே போய்விடும். கர்த்தர் என் காலத்தை அறிவார் என்று நம்பி இன்றைய கடமையில் கைவைக்கிறவளுக்கு அது இன்றைக்கே தொடங்குகிறது. மணமாகாமல் இருந்த ஒருத்தியை ஆயிரம் பேர் தாயென்று அழைத்த வரலாறு நம் ஊரிலேயே, செம்மண்ணும் பனையும் சூழ்ந்த உடுவிலிலேயே நடந்திருக்கிறது.

அவர் கடைசியாகக் கேட்ட ஜெபம் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கானது. அந்தப் பெண்களின் பிள்ளைகளின் பிள்ளைகள் நாம். இந்த நூற்றாண்டு விழாவில் நம் ஆசிரியைகளுக்காக நன்றி செலுத்தும்போது, நமக்காக முன்கூட்டியே ஜெபித்துப்போன அந்தத் தாயையும் நினைத்துக்கொள்வோம். நமக்குப்பின் இந்தப் படிகளில் ஏறிவரப்போகும் பிள்ளைகளுக்காக நாமும் ஜெபிப்போம்.

— பழைய மாணவி ஒருவர்