பால்மரம் வளர்த்த ரிட்லி

நம் பாட்டனும் பாட்டியும் வைகறையில் எழுந்து, உளியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குச் சென்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் மரத்தைக் கொத்தவில்லை. பட்டையை மெல்லச் சீவினார்கள். அம்முறைக்கு வழிகாட்டிய அறிஞரை நாம் அறிய வேண்டாமா? அவரே ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த ரிட்லி, 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநரானார். பிரேசில் நாட்டுக்குரிய ரப்பர் மரங்கள் அங்கே வளர்ந்திருந்தன. 1877இல் இலண்டனிலிருந்து வந்த 22 கன்றுகளே அவற்றுக்கு மூலம். இம்மரங்களால் மலாயா வளம் பெறும் என்று அவர் நம்பினார்.

ஆயினும், தடையொன்று குறுக்கிட்டது. பிரேசிலில் காட்டு மரங்களைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். அடிமரம் புண்பட்டு, மரம் நலிந்தது. காட்டிலே வேறு மரத்தைத் தேடிக்கொள்ளலாம். பல ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த தோட்ட மரத்தை அவ்வாறு இழக்கலாமா?

ரிட்லி மனந்தளரவில்லை. பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பார்த்தார். அதே வெட்டின் ஓரத்தை மீண்டும் சீவியபோது, பால் குறைவதற்கு மாறாகக் கூடுதலாகச் சுரந்தது! சீவிய பட்டையும் மீண்டும் வளர்ந்தது. 1897ஆம் ஆண்டளவில் மீன்முள் வடிவில் வெட்டும் முறை உருப்பெற்றது. மரமும் பிழைத்தது, பாலும் கிடைத்தது.

மற்றொரு தடையும் இருந்தது. தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரையே நாடினர். ரிட்லியோ சட்டைப் பையில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு, காண்போரிடமெல்லாம் நடச் சொன்னார். அவரைப் பித்தர் என்று பலர் நகைத்தனர். மலாக்காவில் டான் சே யான் மட்டும் 1896இல் துணிந்து ரப்பர்த் தோட்டம் போட்டார். பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது; மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. நகைத்தவர்களும் விதை தேடி வந்தனர்!

தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பெருந்திரளாகக் கப்பலேறி வந்தனர். ரிட்லி கண்டது முறை. மரத்தைப் புண்படுத்தாமல் சீவும் கைத்திறனை நாள்தோறும் உழைத்து வளர்த்தவர்கள் அவர்களே. இரண்டும் சேர்ந்தே நாட்டை வளப்படுத்தின.

ரிட்லி 1956இல் தம் 100ஆம் வயதில் மறைந்தார். மரம் நலிகிறதே என்று அவர் அம்முயற்சியைக் கைவிடவில்லை. ஏன் நலிகிறது என்று ஆராய்ந்தார். மாணவச் செல்வங்களே, கடினமான கணக்கோ வாழ்வின் இடரோ எதிர்ப்படும்போது, நாமும் அவ்வாறே நின்று ஆராய்வோம், வழி காண்போம்.