பூனைக்குட்டியின் தந்தை



பெருமுக்கல் மலையடியில் வாழும் அன்பர் ஒருவர், திண்டிவனத்தில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னை அணுகினார். அவர் வீட்டு விறகுக் கட்டுகளுக்கிடையே பூனையொன்று மூன்று குட்டிகளை ஈன்றிருந்ததாம். சாலையில் வண்டி மோதித் தாய்ப்பூனை மாண்டுவிட, பிள்ளைகள் அக்குட்டிகளை எடுத்து வளர்க்கத் தொடங்கினராம். இப்போது அவை தொழுகைப் பாயிலும் துணிமூட்டையிலும் அசுத்தம் செய்துவிடுகின்றன. சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடலாமா, மார்க்கத்தில் அதற்குத் தடை உண்டா என்பது அவரது வினா. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை தருவதைவிட, ஒரு பெரியாரின் வாழ்வை அவருக்கு நினைவூட்டுவதே நலம் எனக் கருதினேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் திருப்பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் இல்லை. ஆனால் அது அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. யமன் நாட்டு தவ்ஸ் குலத்தில் பிறந்த அவர்களுக்கு அறியாமைக் காலத்தில் அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை என்று பெயர் இருந்ததாகவும், இஸ்லாத்தைத் தழுவியபின் அப்துர் ரஹ்மான் என்னும் பெயர் அமைந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவ்விரண்டையும் மக்கள் மறந்தனர். நிலைத்தது, பூனைக்குட்டியின் தந்தை என்னும் பொருள்படும் அபூஹுரைரா என்ற பெயரே.

அப்பெயர் வந்த காரணத்தை அவர்களே எடுத்துரைத்துள்ளார்கள். குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்த நாளில் அவர்களிடம் ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவானதும் அதை ஒரு மரத்தின்மீது வைத்துவிடுவார்கள். பொழுது விடிந்ததும் கையோடு எடுத்துச் சென்று அதனுடன் விளையாடுவார்கள். அதைக் கண்டவர்கள் இப்பெயரால் அழைக்கலாயினர். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அன்பு பொங்க அபூ ஹிர் என்று அவர்களை அழைத்ததுண்டு.

இங்கே நீங்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அநாதையாக வளர்ந்தவர்கள். வயிற்றுப் பசிக்காக ஒரு சீமாட்டியிடம் கூலியாளாக உழைத்தவர்கள். ஆதரவின்றி வளர்ந்த ஒருவர், தம்மினும் ஆதரவற்ற ஓர் உயிரைக் கையில் ஏந்தினார். இரவில் அதற்குப் பாதுகாப்பையும் பகலில் அரவணைப்பையும் தந்தார். ஏழ்மை அவரது உள்ளத்தைச் சுருக்கிவிடவில்லை.

தம் குலத்துத் தலைவர் துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அழைப்பினால் இஸ்லாத்தைத் தழுவி, ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் போர் நிகழ்ந்த காலத்தில் அவர்கள் நபி பெருமானாரின் சமுகம் வந்து சேர்ந்தார்கள். மதீனாப் பள்ளிவாயிலை ஒட்டிய திண்ணையில், வீடும் வாசலும் இல்லாத தோழர்களோடு தங்கினார்கள். பசியின் கொடுமையால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாள்களும் உண்டு.

அத்தகைய ஒரு நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களின் முகத்தைக் கண்டே பசியை உணர்ந்து இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இருந்ததோ ஒரு கிண்ணம் பால். திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு கட்டளை பிறந்தது. தமக்கு என்ன மிஞ்சும் என்ற ஏக்கத்துடனேயே அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஒவ்வொருவராகப் பருகச் செய்தார்கள். எல்லாரும் வயிறாரப் பருகியபின் தாமும் இனி இடமில்லை என்னுமளவு பருகினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் எல்லாருக்கும் கடைசியில் அருந்தினார்கள். பசித்தவனே பரிமாற வேண்டும் என்னும் பாடத்தை அக்கிண்ணம் கற்பித்தது.

அவர்களின் தாயார் தொடக்கத்தில் இஸ்லாத்தை ஏற்க மறுத்தார். மகனார் அழுத கண்களோடு நாயகத்திடம் முறையிட, அவர்கள் கையேந்தி துஆச் செய்தார்கள். வீடு திரும்பிய மகனார் சாத்திய கதவுக்கு அப்பால் நீரோசை கேட்டு நின்றார். குளித்து ஆடையணிந்து வெளிவந்த அன்னை கலிமாவை மொழிந்தார். துயரத்தால் அழுதவர் அன்று மகிழ்ச்சியால் அழுதார்.

நான்காண்டுக்கும் குறைவான காலமே நாயகத்தின் அருகில் இருந்தபோதிலும், அவர்கள் வழியாக வந்த நபிமொழிகள், திரும்ப வருபவற்றையும் சேர்த்து 5374 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுதான் நமது அன்பரின் வினாவுக்கு விடையாகிறது. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் அதன் காரணமாக நரகத்துக்கு உரியவளானாள் என்பது அந்த நபிமொழியின் கருத்து. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் இவர்கள் வாயிலாகவே நமக்குக் கிட்டியது. இரை தேடத் தெரியாத குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடுவது இவ்விரண்டில் எதைச் சாரும் என்பதை நீங்களே கூறுங்கள்.

தொழுகைப் பாயின் தூய்மை என்னாவது என்று கேட்பீர்கள். பூனையின் உடல் நஜீஸ் அன்று. அது நம்மைச் சுற்றிவரும் பிராணிகளுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். ஆயினும் அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான். பட்ட இடத்தைக் கழுவவே வேண்டும். ஆகவே குட்டியைப் பழக்குவது நமது கடமையாகிறது.

கண் திறவாத குட்டிக்கு முதலில் தேவை கதகதப்பு. துணி விரித்த பெட்டியில், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகே வையுங்கள். குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தாய்மடியில் இருப்பதுபோல் வயிறு கீழே இருக்க ஊட்டுங்கள். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலில் புகும். மூன்று வாரம் வரை குட்டி தானாகக் கழிக்காது. தாய் நக்கித் தூண்டுவதற்கு ஈடாக, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும் மெல்லத் துடைத்துவிடுங்கள்.

மூன்று, நான்கு வாரமானதும் மண்ணைக் கீறி மூடும் இயல்பு அதற்குத் தானே வரும். விளிம்பு தாழ்ந்த தட்டில் இரண்டு விரற்கடை உலர்ந்த மணலைப் பரப்பி, உணவுக்கு எட்டத்தில் வையுங்கள். உண்டவுடனும் உறங்கி எழுந்தவுடனும் குட்டியை அதில் விடுங்கள். முதல் சில நாள் அழுக்குப்பட்ட மணலில் சிறிது விட்டுவைத்தால் அவ்வாடை அதற்கு வழிகாட்டும். பாயிலோ வாடை அறவே போகக் கழுவுங்கள்; இல்லையேல் மறுபடி அங்கேயே போகும். அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் வேண்டா. அதனால் அது உங்களுக்கு அஞ்சி ஒளிந்து கழிக்கக் கற்குமேயன்றி மணலைக் கற்காது. கர்ப்பிணிகள் அம்மணலைத் தொட வேண்டா. பிள்ளைகள் கை கழுவட்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உரிய வயதில் குட்டிக்குத் தடுப்பூசியும் போடுங்கள். வளர்க்கவே இயலாதெனில், வளர்க்கக்கூடியவர் கையில் ஒப்படையுங்கள்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களால் பஹ்ரைனின் ஆளுநராக அமர்த்தப்பட்டார்கள். மதீனாவின் பொறுப்பை ஏற்றிருந்த நாளிலும் விறகுக் கட்டைத் தாமே சுமந்து கடைவீதியில் நடந்தார்கள். பதவி வந்தபின்னும் பூனைக்குட்டியின் பெயரைச் சுமக்க அவர்கள் நாணவில்லை. இறுதி நோயில் அவர்கள் அழுதது, பயணம் நெடியது, கட்டுச்சோறோ சொற்பம் என்னும் அச்சத்தினாலாகும். ஹிஜ்ரி 57-க்கும் 59-க்கும் இடையே (கி.பி. 676-679), ஏறத்தாழ 78 வயதில் மறைந்து, ஜன்னத்துல் பகீயில் அடங்கினார்கள்.

இவ்வளவையும் கேட்ட பெருமுக்கல் அன்பர் சற்று மௌனமாக நின்றார். பின்னர், கடற்கரை மணலைக் கொண்டுவரலாமா, ஆற்று மணல்தான் வேண்டுமா என்று கேட்டார். உப்பின்றிக் கழுவி உலர்த்தினால் எதுவும் ஆகும் என்றேன். ஸலாம் கூறி விடைபெற்றார்.

வாயற்ற உயிர்களின் பசியை உணரும் இதயத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் பிள்ளைகளுக்கும் அளித்தருள்வானாக! ஆமீன்.