இருட்டிலே எரிந்த விளக்கு

பெரியபாளையம் பவானியம்மன் கோயிலை ஒட்டி ஓடுகிறதே ஆரணி ஆறு, அது பழவேற்காட்டுப் பக்கம் போய்க் கடலைச் சேர்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். துணி வியாபாரத்துக்காக வந்தவர்கள் அவர்கள். 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு 1658-ல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

அந்த டச்சுக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, யாழ்ப்பாணத்தில் விளக்கேற்றிய ஒருவரின் கதை இது. அவர் பெயர் ஜோசப் வாஸ்.

டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தாம். ஆனால் புராட்டஸ்டண்டுப் பிரிவினர். போர்த்துக்கீசியரோ கத்தோலிக்கர். கத்தோலிக்க மக்கள் பழைய எஜமானர்களுக்கு உளவு சொல்வார்கள் என்ற பயம் டச்சுக்காரர்களுக்கு இருந்தது. ஆகவே குருமார்களை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். கோயில்களைப் பறித்துக்கொண்டார்கள். குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள்.

கத்தோலிக்கக் கோயிலின் உள்ளே ஒரு சிறு விளக்கு இரவும் பகலும் எரிவதைப் பலரும் பார்த்திருக்கலாம். பூசையில் மந்திரித்த அப்பத்தில் இயேசுவே இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அப்பத்தை வைத்திருக்கும் பேழையின் அருகே அது எரியும். பைபிளில் இயேசு உலகத்தின் ஒளியாகச் சொல்லப்படுகிறார். ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று அந்தச் சுடர் சொல்கிறது. ஊர் தூங்கும் நேரத்திலும் பக்தனின் மனம் அவர் முன்னால் விழித்திருக்கிறது என்றும் சொல்கிறது. அம்மன் சன்னிதியில் நெய் விளக்கு ஏற்றும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1658-ல் இந்த விளக்குகள் அணைந்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசை வைக்கக் குருவே இல்லை. மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஜெபித்தார்கள்.

கழுத்தில் ஜெபமாலை

ஜோசப் வாஸ் 1651-ல் கோவாவில் பிறந்தவர். நம் நாட்டுக்காரர். தாய்மொழி கொங்கணி. 1676-ல் குருவானார். இலங்கையில் மக்கள் குருவின்றித் தவிப்பது அவர் காதுக்கு எட்டியது. 1686-ல் ஜான் என்ற வேலையாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குருவின் அங்கியோடு போனால் கைதுதான். ஆகவே கூலிக்காரனைப்போல் கந்தலைக் கட்டிக்கொண்டார். தூத்துக்குடிக்கு வந்தார், தமிழ் கற்றார், 1687-ல் கப்பலேறினார். வழியில் காற்றும் புயலும் அலைக்கழித்தன. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது இருவருக்கும் கடுமையான வயிற்றுக்கடுப்பு. நோய் தொற்றிவிடும் என்று ஊரார் ஒதுக்கினார்கள். ஒரு புண்ணியவதி கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அதனால் பிழைத்தார்கள்.

கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்க முடியாது. வாஸ் ஒரு வழி கண்டார். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அரிசி போட வந்தவர்களின் கண் எங்கே போகிறது என்று கவனித்தார். மாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறதோ, அது நம் வீடு என்று தெரிந்துகொண்டார். அவர்களுக்கும் முதலில் சந்தேகம்தான். ஒற்றனாக இருந்தால் குடும்பமே அழியுமே! மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. பிச்சைக்காரர் தாம் யார் என்று சொன்னார். எத்தனை வீட்டில் அழுதிருப்பார்களோ!

பக்கத்துச் சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைந்திருப்பார். இரவில் ஊர் அடங்கியபின் ஒரு வீட்டில் விளக்கேற்றிப் பூசை வைப்பார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், சாகக் கிடப்பவர்களுக்கு ஆறுதல் எல்லாம் இருட்டில்தான். விடியுமுன் அடுத்த ஊர். நடக்கும்போதும் விரல்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கும்.

கிறிஸ்துமஸ் இரவு

1689 கிறிஸ்துமஸ் இரவு. நடு இரவுப் பூசைக்காக யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் மக்கள் கூடியிருந்தார்கள். டச்சுச் சிப்பாய்கள் கதவை உடைத்துக்கொண்டு பாய்ந்தார்கள். சுரூபங்களை நொறுக்கினார்கள். ஆண்களைச் சிறைக்கு இழுத்துப்போனார்கள். சவுக்கடி தாங்காமல் ஒருவர் உயிர்விட்டார். வேறு சிலர் விலங்கு மாட்டப்பட்டார்கள்.

வாஸ் அகப்படவில்லை. அதுதான் அவருக்கு வேதனை. விளக்கேற்ற வந்தவர் தப்பினார். அந்த வெளிச்சத்தைத் தேடி வந்த ஏழைகள் அடிபட்டார்கள். படிக்கும் நமக்கே மனம் கனக்கிறது. ஆனால் இத்தனை அடிக்குப் பிறகும் அந்த மக்கள் ஜெபத்தை விடவில்லை. சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊர்.

கண்டியில் கைதி

அடுத்த ஆண்டு வாஸ் புத்தளத்துக்குப் போனார். 1692-ல் கண்டியை அடைந்தார். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரன் அவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று மூட்டிவிட்டான். பிடித்துக் காவலில் வைத்தார்கள். காவலில் இருந்தவர் சும்மா இருந்தாரா? சிங்களம் கற்றார். ஓலைக் குடிசை போட்டு அதற்குள் ஒரு பீடம் அமைத்தார். காவலர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். மறுபடியும் ஒரு விளக்கு!

கண்டி மன்னன் விமலதர்மசூரியன் புத்த மதத்தவன். ஒரு வறட்சியின்போது வாஸ் பிரார்த்தித்து மழை பெய்ததாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது 1697-ல் நடந்தது. கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்ற பிள்ளையையே விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கழுவினார், சோறு ஊட்டினார், இறந்தவர்களைப் புதைத்தார். என்ன மதம் என்று கேட்கவில்லை. மன்னன் அவரைத் தன் நாட்டில் தாராளமாக நடமாட விட்டான். டச்சுக் கிறிஸ்தவர்கள் துரத்தியவருக்குப் புத்த மன்னன் நிழல் தந்தது விசித்திரம்தான்.

கோவாவிலிருந்து வேறு குருமார்களும் உதவிக்கு வந்தார்கள். வாஸ் ஊர் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16-ந் தேதி, அறுபது வயது நிறையுமுன், கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14-ந் தேதி போப் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து, கடற்கரையில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதல் புனிதர் அவரே. அவரை அடக்கம் செய்த கண்டிக் கோயில் பின்னாளில் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடமும் மறைந்துவிட்டது.