ஆறுமுக நாவலரும் பிள்ளைகளைப் பெற்றாரும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமே ஆசிரியர்பால் இருக்கின்றான். எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டுக்கும் ஊருக்கும் உரியது. ஆசிரியர் ஆறு மணி நேரத்திற் கட்டியதை வீடு பதினெட்டு மணி நேரத்தில் வளர்க்கவும் வல்லது, குலைக்கவும் வல்லது. ஆதலின், வகுப்பிலே என்ன நடக்கின்றது, பள்ளிக்கூடம் பிள்ளையிடத்தும் பெற்றாரிடத்தும் எதனை எதிர்பார்க்கின்றது என்பன வீட்டாருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நம் நாட்டிலே செயலிற் காட்டிய முன்னோருள் தலையாயவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் ஆவர். அவர் வசனநடை கைவந்தவர் என்பதும், ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்து அச்சிட்டவர் என்பதும், வாதத்தில் வல்லவர் என்பதும் பலரும் அறிந்தவை. அவர் பள்ளிக்கூடத்துச் செய்தியை வீட்டு வாயில்வரை கொண்டு சென்ற வரலாற்றையே இவ்விழா மலரில் நாம் கூறப் புகுந்தோம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அக்கால வழக்கப்படி ஊர் உபாத்தியாயரிடம் எழுத்துப் பயின்று, பின்னர்ச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் முதலிய பேரறிஞரை அடுத்து இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். ஆங்கிலம் பயிலும் பொருட்டு வெசிலியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அப்பாடசாலையே பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாயிற்று. ஏறக்குறைய இருபது வயதளவில் அங்கேயே ஆசிரியராகி, கீழ்வகுப்பினர்க்கு ஆங்கிலமும் மேல்வகுப்பினர்க்குத் தமிழும் கற்பித்தார். தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்த்த காலத்து அவருக்குப் பெருந்துணையாய் நின்றவரும் இவரே.

அப்பாடசாலையில் இருந்த ஆண்டுகளிலே நாவலர் இரண்டு காரியங்களைக் கண்டார். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் பிள்ளையின் அயல்வீட்டார். மணலிலே பிள்ளை எழுதுவதைத் தாய் தெருவிற் போகும்போதே காண்பாள். நிகண்டு மனனம் பண்ணும் ஓசை தகப்பன் காதில் விழும். ஆகவே அங்கே வீட்டுக்குத் தனியே செய்தி சொல்லவேண்டிய தேவை இல்லை. புதிய பள்ளிக்கூடமோ மதிலும் மணியும் வகுப்பும் வாங்கும் உடையது. ஆங்கிலங் கற்றால் உத்தியோகங் கிடைக்கும் என்ற ஒன்றை மாத்திரம் அறிந்து பெற்றார் பிள்ளையை அனுப்பினர். அங்கே என்ன படிக்கின்றான் என்று கேட்டறிந்தவர் சிலரே. பிள்ளை மதம் மாறிய பின்னரே பலர் திடுக்குற்று விழித்தனர். இஃது அவர் கண்ட முதலாவது காரியம்.

பாதிரிமார் வீடு வீடாகச் சென்று பேசினர். துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு வழங்கினர். 1841ஆம் ஆண்டு தொடங்கி உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. மக்களுக்கு விளங்கும் மொழியில் ஓயாது எடுத்துச் சொன்னமையால் அவர்களுடைய பள்ளிகள் நிறைந்தன. இஃது இரண்டாவது காரியம். எதிர்த்தரப்பார் கையாண்ட நல்ல முறையைக் கற்றுக்கொள்ள நாவலர் நாணவில்லை. அதுவே அவர்தம் பெருமைகளுள் ஒன்றென்போம்.

1846ஆம் ஆண்டளவில் நல்லூரிலே தம் இல்லத்தில் மாணாக்கர் சிலரைச் சேர்த்து, வேதனம் பெறாது தமிழும் சைவமும் கற்பிக்கத் தொடங்கினார். ஆயினும், பிள்ளையை மாத்திரம் திருத்தினாற் போதாது, பிள்ளை திரும்பிச் செல்லும் வீட்டையும் உடன் திருத்தவேண்டும் என்பது அவர் துணிபு. 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. அவருடைய நண்பர் கார்த்திகேச ஐயரும் உடன்நின்று பிரசங்கித்தார். கோயிலிலே புராணம் படித்துப் பயன்சொல்லும் வழக்கம் முன்னரே உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை நிறுவி, கேட்போர் தம் வாழ்விற் செய்யவேண்டியது இன்னதென விதித்து முடிக்கும் முறையோ புதிது. கள்ளுண்ணலின் தீமை, கொல்லாமை, தருமம், பசுக்காத்தல், இல்லறத்தார் ஒழுக்கம், கடவுள் வணக்கம் முதலியன அப்பிரசங்கங்களின் பொருள்களாயின. தந்தை குடித்துவிட்டு வந்தால் மகன் படித்த பாடம் நில்லாது. ஆகையால் அவர் வீட்டாரை முதலில் வகுப்பில் இருத்தினார் என்று சொல்லுதல் மிகையாகாது.

1848ஆம் ஆண்டு மிசன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பொருளுதவி மிகக் குறைவு. கைவிடப்படப் போகின்ற காரியம் என்று நகைத்தவர் பலர். அவரிடம் படித்த மாணாக்கர் சிலரே ஆசிரியராக நின்று கற்பித்தனர். பள்ளிக்கூடம் நிலைபெற்றமைக்குக் காரணம் செல்வரது உதவி மாத்திரமன்று. வெள்ளிதோறும் கோயில் மண்டபத்தில் அவரைக் கேட்டவர்கள், தம் பிள்ளை யாரிடம் எதனைக் கற்கப்போகின்றான் என்பதை முன்னரே அறிந்திருந்தனர். அறிந்தமையால் நம்பினர், நம்பினமையால் அனுப்பினர்.

1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்குப் புறப்பட்டவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்து, நாவலர் என்னும் பட்டத்தைப் பெற்றார். மீண்டு வந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1850ஆம் ஆண்டையொட்டிப் பாலபாடங்கள் அச்சாகத் தொடங்கின. இந்நூல்களைப் பிள்ளைகளுக்குரிய வாசிப்புப் புத்தகங்கள் என்று மாத்திரம் நாம் எண்ணிவிடுகின்றோம். ஏட்டுச்சுவடி உபாத்தியாயரிடம் இருப்பது. அச்சுப் புத்தகமோ பிள்ளையின் கையோடு வீட்டுக்குப் போவது. மாலையிலே விளக்கடியிற் பிள்ளை உரக்க வாசிக்க, எழுத்தறியாத தாயும் பாட்டியும் அதனைக் கேட்டனர். நான்காம் பாலபாடத்திலே கொலை, களவு, கள்ளுண்ணல், பொய் முதலிய தீமைகளும், கல்வி, தருமம் முதலிய நன்மைகளும் தெளிந்த வசனத்திலே விரித்துரைக்கப்பட்டிருத்தல் காண்க. செய்யுளாயின் வீட்டார்க்கு உரைகாரர் ஒருவர் வேண்டும். சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, யாவர்க்கும் விளங்குமாறு நாவலர் எழுதிய வசனத்திற்கு உரைகாரர் வேண்டாம்.

அவர் இயற்றிய சைவ வினாவிடையையும் ஈண்டு நினைத்தல் தகும். வினாவும் விடையும் ஒருங்கே அச்சிடப்பட்டிருத்தலின், வாசிக்கத் தெரிந்த தகப்பன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு மகனை வினாவலாம். அவன் கூறும் விடை சரியோ பிழையோ என்பதைத் தானே ஒப்புநோக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன கற்றான் என்று பெற்றார் அறிதற்கு இதனினும் எளிய வழி வேறென்ன உளது?

சிதம்பரத்திலே ஒரு வித்தியாசாலை தாபிக்க எண்ணியபோதும் அவர் இம்முறையைக் கைவிடவில்லை. பள்ளிக்கூடம் எதன்பொருட்டு, அங்கே கற்பிக்கப்படுவன எவை, பொருள் எதற்காக வேண்டப்படுகின்றது என்பவற்றை விக்கியாபனமாக அச்சிட்டுச் சைவசமயிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தார். அவ்வித்தியாசாலை 1864ஆம் ஆண்டிலே தொடங்கியது. சொல்லாமற் செய்து பின்னர் உதவி கேட்பது அவர் வழக்கமன்று; சொல்லிவிட்டுச் செய்வதே வழக்கம்.

இத்துணை முயற்சிக்கும் பயன் எளிதில் வந்ததென்று நினையற்க. வண்ணார்பண்ணை வித்தியாசாலை தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் அரசினர் நன்கொடை கிடைக்கவில்லை. 1869ஆம் ஆண்டு இலங்கையிலே பொதுப்போதனைத் திணைக்களம் ஏற்பட்ட பின்னர், 1870ஆம் ஆண்டிலேயே அது கிடைத்தது. 1872ஆம் ஆண்டிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலங் கற்பதற்காகப் பிள்ளைகள் பிற மதத்தார் பள்ளியை நாடவேண்டியிருந்த குறையைத் தீர்ப்பதே அதன் நோக்கம். பொருள்வசதியுடைய பெற்றார் பலர் பழைய இடங்களுக்கே தம் பிள்ளைகளை அனுப்பினர். பணமுட்டுப்பாட்டினால் அவ்வாங்கிலப் பாடசாலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னுந் துண்டுப் பிரசுரத்தை வாசிப்போர், தம் சமூகத்தார் மீது அவர் கொண்ட மனத்தாங்கலை நன்கு உணர்வர். கடிந்துரைத்தலில் அவர் தயவு தாட்சணியம் பார்த்தவரல்லர். அக்கடுமை சிலரை அவரிடமிருந்து விலக்கியிருத்தலும் கூடும்.

மற்றொரு குறையையும் மறையாது கூறுதல் ஆசிரியர் கடன். நாவலர் சாதியாசாரத்தைக் கைவிடாதவர். ஆதலின் அவர்தம் குரல் எல்லா வீட்டு வாயிலுக்கும் சென்றதன்று. அக்காலப் பள்ளியின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்ததுமன்று. அவர் வகுத்த நெறியை மேற்கொள்ளும் நாம், அவர் விட்ட இடத்தையும் சேர்த்து நிரப்புதற்குக் கடமைப்பட்டுள்ளோம்.

1877ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது, நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி ஏற்படுத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். பள்ளிக்கூடத்தை நடத்துவோர் ஊரின் துன்பத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இது காட்டும். 1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே, தம் வித்தியாசாலையில் அவர் செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி சிவபதமடைந்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. முதற் பிரசங்கம் நிகழ்ந்த வெள்ளிக்கும் இவ்வெள்ளிக்கும் இடையே ஏறக்குறைய முப்பத்திரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அவர் வீட்டாரோடு பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் வாழ்நாளில் வாடிய ஆங்கிலப் பாடசாலை எண்ணம் அவர் மறைவின் பின் தளிர்த்தது. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றியது. 1890ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. அவ்வழியே பிற ஊர்களிலும் இந்துக் கல்லூரிகள் தோன்றின. 1920களிலே விபுலாநந்த அடிகள் கீழ்மாகாணத்துப் பள்ளிகளைப் பொறுப்பேற்று வளர்த்ததும், திருகோணமலையிலே பணிபுரிந்ததும் நம் பழைய மாணவர் அறிந்தனவே. நாவலர் இட்ட வித்தின் நிழலிலேதான் நாம் இருக்கின்றோம்.

இவ்வரலாற்றை நாம் இங்கு எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வீதியிலே, கடலும் களப்பும் சூழ்ந்த ஊர் இறக்கக்கண்டி. அப்பகுதியிலே நாம் இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பில் ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் வராது நின்றான். வரவு இடாப்பிலே அவன் பெயருக்கு நேரே குறியிட்டோம். அச்சடித்த அறிவித்தற் படிவத்தை அயல்வீட்டுப் பிள்ளையிடம் இருமுறை கொடுத்தனுப்பினோம். கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். இரண்டு மாதங் கழித்தே அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் இரு படிவங்களையும் தகரப் பெட்டிக்குள் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, கணவர் கடற்றொழிலாளி. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் பணங்கேட்டே வரும் என்று அஞ்சி, யாரிடமும் காட்டாது வைத்துவிட்டதாகச் சொன்னார். மகன் அதற்குள் கரைவலை இழுக்கப் போய்விட்டான். நாம் எத்துணை அழைத்தும் அவன் மீண்டு வரவில்லை. பிழை அத்தாயாருடையதன்று, நம்முடையதே. நாம் எழுதினோம், சொல்லவில்லை.

இன்று கைத்தொலைபேசி வழியாக வகுப்புச் செய்தி ஒரு கணத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்கின்றது. அது நன்றே. ஆயினும், செய்தி சேர்ந்ததா என்பதோடு விளங்கியதா என்பதையும் நாவலர் பார்த்தார். மக்கள் கூடும் இடத்துக்குத் தாமே சென்றார். அவர்களுக்கு விளங்கும் தமிழிற் பேசினார். பிள்ளையின் கையிலே வீட்டாரும் கேட்டறியத்தக்க நூலைக் கொடுத்தார். உதவி வேண்டுமுன் காரணத்தை அறிவித்தார். நாமும் தவணை தொடங்கும்போதே, இத்தவணையில் இன்னின்ன பாடம் நடக்கும், பிள்ளை மாலையில் இவ்வளவு நேரம் படித்தல் வேண்டும், வராத நாளுக்கு இன்னவாறு தெரிவித்தல் வேண்டும் என்று பெற்றாரை நேரிற் கண்டு கூறல் தகும். கூட்டத்துக்கு வாராதவர் வீட்டுக்கு நாமே போதல் வேண்டும். பணம் வேண்டும்போது மாத்திரம் கடிதம் எழுதும் பள்ளிக்கூடத்தின் நற்செய்தியும் பெட்டிக்குள்ளேதான் கிடக்கும். தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், வாசிக்கத் தெரிந்தோர் வீடாயினும் தெரியாதோர் வீடாயினும், பிள்ளை பிள்ளையே.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களிற் பலர் இன்று பிள்ளைகளைப் பெற்றார்; சிலர் ஆசிரியர். இருதிறத்தாரும் ஒருவர் வாயிலை ஒருவர் மிதித்தலே நாவலர் பெருமானுக்கு நாம் செய்யும் உண்மையான குருபூசையாம். அவர் திருநாமம் வாழ்க! நம் கல்லூரி நீடு வாழ்க!