கரும்புக் காட்டிலிருந்து வாக்குச்சாவடி வரை: ஆன்ரி சிதம்பரத்தின் கதை



மூணாவது வருஷம் வந்தாலே ஹாஸ்டல்ல அந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். பிளேஸ்மென்ட்டா, எம்.எஸ்.ஸா? ஜி.ஆர்.ஈ., ஐ-20, கல்விக் கடன், அப்புறம் எச்-1பி குலுக்கல். இதுக்கெல்லாம் சேர்த்து நாம வெச்சிருக்கிற பெயர் 'அமெரிக்கக் கனவு'. இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். 1931ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். ஆனால் நம்ம காரைக்காலுக்கு அந்தக் கனவு அதைவிடப் பழசு. 1850களிலேயே பிரெஞ்சு இந்தியாவின் துறைமுகங்களான புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அமெரிக்கப் பக்கம் கப்பல் போக ஆரம்பிச்சாச்சு. போனது நியூயார்க்குக்கு இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு.

அப்படிப் போனவர்களின் வம்சத்தில் வந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஆன்ரி சிதம்பரம். நம்ம 'சிதம்பரம்' பிரெஞ்சுக்காரர் பேனாவில் 'சிதாம்பரோம்' ஆகிவிட்டது. குவாதலூப்பில் அவர் பெயர் பிரபலம். நம்ம ஊரில்தான் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

ஐந்து வருஷ ஒப்பந்தம்

1848ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான கறுப்பின மக்களில் பலர் பழைய முதலாளியின் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. ஆலைகளுக்கோ ஆள் வேண்டும். முதலாளிகள் கண்ணில் பட்டது இந்தியா. 1853ல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப் கரையைத் தொட்டது. 1861ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள தஞ்சை ஜில்லா முதலான பகுதிகளிலும், ஆள் சேர்க்க வழி திறந்தது.

ஆஃபர் என்னன்னு பாருங்க: ஐந்து வருஷ வேலை, மாதச் சம்பளம், சாப்பாடு, துணி, வைத்தியம், முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பக் கப்பல். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த குடியானவனுக்கு இது சொர்க்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். இறங்கினால் வேறு கதை. தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராத நாட்கள் கணக்கில் ஏறி, ஐந்து வருஷம் ஆறாகும், ஏழாகும். நோயும் சாவும் சகஜம். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் போனவர்கள் சுமார் 42,000 பேர். திரும்பி வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. நாலு பேரில் ஒருத்தர்கூடத் தேறவில்லை.

திரும்ப முடியாதவர்கள் ஊரையே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆனாள். நமக்குப் பக்கத்து நாகூர் ஆண்டவரும் கப்பலேறிப் போனார். இன்றும் அந்தத் தீவுகளில் இந்துக் குடும்பங்கள் அவருக்குக் கொடிமரம் ஏற்றுகின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

வாக்காளர் பட்டியல்

1863 ஜூலை 5ஆம் தேதி, குவாதலூப்பின் காப்பெஸ்தேர் என்ற ஊரில், ஒரு இந்தியக் குடும்பத்தில் சிதம்பரம் பிறந்தார். கரும்பு வெட்டும் கத்தியோடு வாழ்க்கை முடிந்துபோகும் தலைமுறை அது. இவர் கையில் பேனா வந்தது. பிரெஞ்சு படித்தார், நிர்வாகமும் சட்டமும் கற்றார், பின்னாளில் சமாதான நீதிபதி என்ற பொறுப்பும் வகித்தார்.

படித்தவர், பதவி கிடைத்தவர், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் போகவில்லை. 1904ல் குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் ஏற்றும் வேலையில் இறங்கினார். ஆளுநர் ஆட்சேபித்தார். இவர்களுடைய பெற்றோர் பிரிட்டிஷ் பிரஜைகள், ஆகவே பிள்ளைகளும் அந்நியர்கள்தான் என்பது அரசுத் தரப்பு. இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே சாகிறவர்கள் எப்படி அந்நியர்கள் என்பது சிதம்பரத்தின் தரப்பு. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

இதில் இருக்கிற முரணைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிரெஞ்சு இந்தியாவில் 1871லிருந்தே தேர்தல் உண்டு. காரைக்காலிலேயே இருந்துவிட்டவர்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தஞ்சாவூர் கிராமத்திலிருந்து வந்து இதே காரைக்காலில் கப்பலேறியவருடைய பிள்ளைக்கு, பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தும் ஓட்டு இல்லை. கோடு வரைந்தது வெள்ளைக்காரன். அதன் விளைவைச் சுமந்தது கூலிக்காரனின் பேரப்பிள்ளை.

வழக்கு ஒரு வருஷத்தில் முடியவில்லை, இரண்டு வருஷத்தில் முடியவில்லை. கடிதம், மனு, வாதம், மறுவாதம் என்று நீண்டது. நடுவில் ஓர் உலகப்போரே வந்து போனது. தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயது. 1923ல், புவான்காரே பிரதமராக இருந்தபோது, குவாதலூப் இந்தியர்களுக்கு முழுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன. அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பத்தொன்பது வருஷம்! வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து ஒரு நூலாகவும் வெளியிட்டார். அடுத்த தலைமுறை மறந்துவிடக் கூடாதே.

1952ல், 89ஆம் வயதில் அவர் இறந்தார். குவாதலூப் அதற்கு ஆறு வருஷம் முன்பே பிரான்ஸின் ஒரு மாவட்டமாகியிருந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு இந்தியாவோடு சேர்ந்தது, அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து.

அதே 1923, அமெரிக்காவில்

இப்போ நம்ம கனவு தேசத்துக்கு வருவோம். சிதம்பரம் ஜெயித்த அதே வருஷம், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு இந்தியர் தோற்றார். பகத் சிங் திந்த், பஞ்சாபி. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். அன்றைய சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை தந்தது; இந்தியர் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதோடு போகவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். அவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய், சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்தியவர். நாடில்லாதவராகிவிட்ட வேதனையில் 1928ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாவதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கனவு உடைவதைச் சொல்லும் நாவல் என்றால் எல்லோரும் 1925ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யைத்தான் காட்டுவார்கள். கேட்ஸ்பிக்குப் பணம் வந்தது, காதல் கைகூடவில்லை. பகாய்க்குப் பணமும் இருந்தது, குடும்பமும் இருந்தது. காலடியில் நாடுதான் இல்லை. எனக்கு இரண்டாவது கதைதான் நமக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

வெளிநாடு போகாதீங்கன்னு சொல்ல வரலை. பி.டெக். முடித்துப் போகும் நாம கூலிகளும் இல்லை. அந்த ஒப்பீடு அவர்கள் பட்ட துயரத்தைச் சிறுமைப்படுத்தும். ஆனால் ஒரு விஷயம் மாறவே இல்லை. கனவை விற்கிறவர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள். அந்த நாட்டில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எச்-1பியில் வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள்தான். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு. அதனால்தான் இந்தியர்களின் வரிசை அவ்வளவு நீளம். நீங்கள் அந்த வரிசையில் நிற்கும்போதே, இங்கே பிறந்து கூடவே போன உங்கள் குழந்தைக்கு 21 வயது ஆகிவிட்டால், உங்கள் விசாவின் நிழலில் அது இருக்க முடியாது. சொந்தமாக வேறு விசா தேட வேண்டும்.

அதனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பள வரியோடு நிறுத்திக்காதீங்க. விசா எந்த வகை, வேலை மாற முடியுமா, திரும்பி வர நினைத்தால் கடன் எவ்வளவு நிற்கும் என்பதையும் உட்கார்ந்து கணக்குப் போடுங்க. போன இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்கிறவன் யார் என்றும் பாருங்க. சிதம்பரத்துக்குத் தன் பிழைப்பு நன்றாகவே இருந்தது. பத்தொன்பது வருஷம் அவர் அலைந்தது மற்றவர்களின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றுவதற்காக.